விமான விபத்து அறிக்கையில் மிச்சம் பிடித்த காசைத் தேடுவது எப்படி

விமானம் விழுந்த அன்று டிவியில் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: விமானியின் தவறு, இல்லாவிட்டால் தொழில்நுட்பக் கோளாறு. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து விசாரணை அமைப்பு முந்நூறு பக்கத்துக்கு இறுதி அறிக்கை வெளியிடும்போது அதைப் படிக்க ஆள் இருக்காது. இத்தனைக்கும் அறிக்கை இலவசம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நடைதான் கொஞ்சம் வறண்டிருக்கும். யார் எந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்கப் போய் விமானம் பலவீனமானது என்பதை அதற்குள்ளிருந்து தோண்டி எடுக்க ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

தேடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "செலவைக் குறைக்கப் பாதுகாப்பைக் குறைத்தோம்" என்று எவரும் எழுதி வைக்க மாட்டார்கள். வேறு பெயர்களில் இருக்கும்: பழைய மாடலோடு ஒத்திருக்கும், விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம், பராமரிப்பு இடைவெளி நீட்டிக்கப்பட்டது, விமானி உடனே சரிசெய்துவிடுவார் என்று கொள்ளப்பட்டது. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு பாகம் செய்ய வேண்டிய வேலை இப்போது யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது? விமானி, மெக்கானிக், சரக்கு ஏற்றுபவர், இப்படி யாராவது ஒருவர் அகப்படுவார், அநேகமாக அவருக்கே அது தெரிந்திருக்காது.

முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு என்று ஒன்று உண்டு. விபத்து அறிக்கை எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதைப் பின்பற்றும் அறிக்கைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: பகுதி 1 நடந்த உண்மைகள், 2 ஆய்வு, 3 முடிவுகள், 4 பரிந்துரைகள். பத்திரிகைக்காரர்கள் 3-ஐ மட்டும் படிப்பார்கள். நாம் 1-க்குள் போக வேண்டும்.

1.1 பயண வரலாறு, அதாவது புறப்பட்டது முதல் விழுந்தது வரை. அதை ஒரு முறை ஓட்டமாகப் படித்துவிட்டு நேராக 1.6-க்குப் போங்கள், விமானத்தைப் பற்றிய தகவல் அங்கே. அப்புறம் 1.16 சோதனைகள், 1.17 நிறுவனங்களும் நிர்வாகமும், 1.18 கூடுதல் தகவல். வானிலை, ஓடுபாதை எல்லாம் முதல் சுற்றுக்குத் தேவையில்லை. 1.17, 1.18 இரண்டும்தான் புதையல், ஏனென்றால் வேறு எங்கும் பொருந்தாத சங்கடமான விஷயங்களை விசாரணையாளர்கள் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எண்களில் கொஞ்சம் முன்பின்னாக எழுதும், ஆனால் சாரம் அதேதான்.

இன்னொன்று, இந்த அறிக்கைகளின் நோக்கம் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வதல்ல, இன்னொரு முறை நடக்காமல் தடுப்பது. 13-ஆம் இணைப்பே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே "பேராசை" போன்ற வார்த்தைகளைத் தேடிப் பயனில்லை. எண்ணையும் தேதியையும் தேடுங்கள்.

ஒரு கதவை வைத்துப் பழகுவோம்

பழகுவதற்கு டிசி-10 விமானத்தின் சரக்கு அறைக் கதவை விட நல்ல பாடம் கிடையாது. 1974 மார்ச் 3 அன்று துருக்கி ஏர்லைன்ஸின் 981-ஆம் விமானம் பாரிஸ் ஓர்லியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய சில நிமிடங்களில் எர்மெனோன்வில் காட்டில் விழுந்தது. 346 பேர் இறந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. பின்பக்கச் சரக்குக் கதவு நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

பயணிகள் நுழையும் கதவு பொதுவாக உள்பக்கத்திலிருந்து தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்றழுத்தம் கூடக் கூட இன்னும் இறுகும். டிசி-10 சரக்குக் கதவு அப்படியல்ல, வெளிப்பக்கம் திறப்பது. உள்பக்கம் திறந்தால் சரக்கு வைக்கும் இடம் வீணாகும் என்பது காரணம். வெளிப்பக்கம் திறக்கும் கதவு எத்தனையோ விமானங்களில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதன் தாழ்ப்பாள் கச்சிதமாக இருந்தாக வேண்டும். தாழ்ப்பாளை நகர்த்த முதலில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் முறை யோசித்திருந்தார்கள். பிறகு விமான நிறுவனம் ஒன்று கேட்டதால் மின்மோட்டார் வைத்தார்கள், எடையும் குறைவு, பராமரிப்பும் குறைவு. ஒரு கதவுக்குச் சுமார் 13 கிலோ மிச்சம்.

அந்த 13 கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். ஹைட்ராலிக் தாழ்ப்பாள் சரியாக விழாமல் போனால் விமானம் தாழ்வாக இருக்கும்போதே, அழுத்தம் குறைவாக இருக்கையிலேயே கதவு நழுவித் திறந்துவிடும், பெரிய சேதம் வராது. மின்மோட்டார் விட்டுக்கொடுக்காது. அரைகுறையாக விழுந்த தாழ்ப்பாளையும் இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கும், உயரம் ஏற ஏற அழுத்தம் கூடி ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரேயடியாகப் பிய்யும். கீழே சரக்கு அறையில் காற்று போய்விடும், மேலே பயணிகள் அறையில் காற்று நிறைந்திருக்கும், நடுவில் இருக்கும் தளம் அந்த எடையைத் தாங்காமல் உடையும். வால் இறக்கைகளை இயக்கும் கம்பிகள் ஓடுவதோ அந்தத் தளத்துக்குள்.

இது விபத்துக்கு அப்புறம் உட்கார்ந்து கண்டுபிடித்ததாக இருந்தால் மன்னிக்கலாம். 1970-இல் தொழிற்சாலையில் தரையில் வைத்து அழுத்தச் சோதனை செய்தபோதே கதவு பிய்ந்து தளம் சரிந்தது. 1972 ஜூன் 12 அன்று கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 96-ஆம் விமானத்தில் இதே கதவு போனது, 67 பேரோடு அதை விமானிகள் எப்படியோ தரையிறக்கினார்கள். அன்றைக்குக் கதவை மூடிய தொழிலாளி, கைப்பிடி மடங்க மறுத்ததால் முழங்காலால் அழுத்தி மூடியிருந்தார். தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டால் கைப்பிடி மடங்கக் கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஒரு மனிதன் முழங்காலால் அமுக்கினால் உள்ளே இருக்கும் கம்பிகள் வளைந்து இடம் கொடுத்தன.

அடுத்து நடந்ததுதான் நம் தேடலுக்கு முக்கியம். விமானத்தின் உடல்பகுதியைத் துணை ஒப்பந்தத்தில் செய்து கொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், விண்ட்சர் சம்பவம் நடந்த இரண்டே வாரத்தில் தன் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். வரும் இருபது ஆண்டுகளில் இந்தக் கதவுகள் திறக்கத்தான் போகின்றன, திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும் என்பது அதன் சாரம். அவர் சொன்ன தொழில்நுட்ப விஷயத்தை யாரும் மறுக்கவில்லை. பேச்சு முழுக்க, மாற்றி அமைக்கும் செலவு யாருடையது என்பதில் போய் நின்றது. நாமே வாயைத் திறந்தால் செலவு நம் தலையில் விழும் என்று நினைத்தார்கள், குறிப்பு டிசி-10-ஐத் தயாரித்த மெக்டானல் டக்ளஸுக்குப் போகவே இல்லை.

விண்ட்சருக்குப் பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று, கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை. பூட்டு ஊசிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து குனிந்து பார்க்கலாம். தளத்தில் காற்றோட்டத் துளை போட்டிருந்தால், கதவு போனாலும் தளம் சரிந்திருக்காது. அது பெரிய வேலை, செலவு அதிகம். அதற்குப் பதில் ஒரு எட்டணாத் துளையும் எச்சரிக்கை அட்டையும். ஓர்லியில் கதவை மூடியவருக்கு அந்த அட்டையிலிருந்த மொழிகளைப் படிக்கத் தெரியாது, துளை வழியாகப் பார்ப்பது அவர் வேலையாகவும் இல்லை, அன்று எவரும் பார்க்கவும் இல்லை. முழங்காலும் தேவைப்படவில்லை, கைப்பிடி சுலபமாக மடங்கிவிட்டது. அந்தக் கதவில் பொருத்தியாகிவிட்டது என்று தொழிற்சாலைப் பதிவேட்டில் முத்திரையோடு இருந்த, உள்ளே கம்பிகள் வளையாமல் தடுக்கும் தாங்கு தகடு உண்மையில் அங்கே இல்லை.

இங்கே நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். தளம் தாங்க வேண்டியதை, தாழ்ப்பாள் தாங்க வேண்டியதை, கடைசியில் குனிந்து பார்க்கும் ஒரு கண்ணிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், அந்தக் கண் யாருடையது என்று கூடத் தீர்மானிக்காமல்.

"பரிந்துரை" என்றால் சந்தேகப்படுங்கள்

டிசி-10 கதையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. விமானத்தில் குறை கண்டால் அதைச் சரிசெய்யச் சொல்ல இரண்டு வழி. ஒன்று, தயாரிப்பாளர் அனுப்பும் சேவை அறிக்கை. இன்னொன்று, அரசு ஒழுங்குமுறை அமைப்பு போடும் வான்தகுதி ஆணை. முதலாவது சட்டப்படி பரிந்துரை மட்டுமே, இரண்டாவது கட்டாயம். விண்ட்சருக்குப் பிறகு அமெரிக்காவின் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் அலுவலகம் ஆணை போடத் தயாராக இருந்தது, ஆனால் அதன் தலைவரும் தயாரிப்பு நிறுவனத்தின் மேலதிகாரியும் தொலைபேசியில் பேசி, ஆணை வேண்டாம், நாங்களே சேவை அறிக்கை அனுப்பிச் சரிசெய்துகொள்கிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். கனவான்கள் ஒப்பந்தம் என்று வரலாற்றில் அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஆணை என்றால் செய்தி, செய்தி என்றால் விற்பனை பாதிக்கும், லாக்ஹீடின் டிரைஸ்டார் போட்டிக்கு நின்றுகொண்டிருந்த நேரம் அது.

ஆகவே அறிக்கையில் ஒரு பழைய கோளாறு பற்றி வந்தால், அதற்கு ஆணை போட்டார்களா சேவை அறிக்கையோடு விட்டார்களா என்று பாருங்கள். ஆணை என்றால் அதையும் எடுத்துப் படியுங்கள். அமெரிக்க ஆணைகளில் இணக்கச் செலவு என்று ஒரு அட்டவணை இருக்கும்: எத்தனை மணி நேர வேலை, மணிக்கு 85 டாலர் வீதம் கூலி, பாகத்தின் விலை, மொத்தம் எத்தனை விமானம். அதற்குப் பக்கத்தில் எத்தனை மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்ற கெடு. ஒரு விமானத்துக்குச் சில நூறு டாலர் செலவாகும் வேலைக்கு நீண்ட கெடு கொடுத்திருந்தால் அது எனக்கு எப்போதும் உறுத்தும். எல்லாவற்றிலும் சதி இருக்கிறது என்று சொல்லவில்லை, உதிரிபாகம் கிடைக்க நேரமாகும், விமானக் கொட்டகையில் இடம் வேண்டும், நியாயமான காரணங்களும் உண்டு.

"விமானி பார்த்துக்கொள்வார்"

இப்போது போயிங் 737 மேக்ஸ். 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் 610 ஜாவா கடலில் விழுந்து 189 பேர், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் 302 விழுந்து 157 பேர். இரண்டையும் கூட்டினால் 346, எர்மெனோன்வில் கணக்கேதான். தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டலைப் போடும்போது மனசு கனத்துப் போகிறது.

இந்தக் கதையைப் பலரும் "மென்பொருள் கோளாறு" என்று சுருக்கிவிடுகிறார்கள். மென்பொருள் சொன்னதைத்தான் செய்தது. என்ன சொல்லியிருந்தார்கள் என்பதில்தான் காசு ஒளிந்திருக்கிறது.

737 முதலில் பறந்தது 1967-இல். ஏணியும் தூக்கியும் இல்லாத சிறு விமான நிலையங்களுக்காகத் தரையோடு தரையாகக் குட்டையாகக் கட்டிய விமானம். 2011-இல் ஏர்பஸ் தன் ஏ320-க்கு எரிபொருள் சிக்கனமான புது இன்ஜினைப் பொருத்தி ஆர்டர்களை அள்ளியபோது, போயிங் புதிதாக ஒரு விமானம் வடிவமைக்காமல் 737-க்கே பெரிய இன்ஜின் மாட்டத் தீர்மானித்தது. குட்டைக் காலில் பெரிய இன்ஜின் தரையைத் தட்டும், அதனால் இன்ஜினை முன்னாலும் மேலேயும் தள்ளி வைத்தார்கள். அதன் விளைவாகச் சில நிலைகளில் மூக்கு மேலே எழும் சுபாவம் கொஞ்சம் மாறியது. அதை மறைத்துப் பழைய 737 போலவே உணரவைக்க எம்சிஏஎஸ் என்ற சாஃப்ட்வேர், வாலில் இருக்கும் கிடைமட்டப் பலகையைத் தானாகவே திருகி மூக்கைக் கீழே தள்ளும்.

ஏன் பழையது போலவே இருக்க வேண்டும்? வேறு மாதிரி இருந்தால் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படும், அது விமான நிறுவனங்களுக்குச் செலவு. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுக்குப் போயிங் ஒப்புக்கொண்டிருந்தது, அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்த விஷயம் இது. இந்த ஒரு ஒப்பந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படித்தால், ஏன் எம்சிஏஎஸ் விமானிகளின் கையேட்டில் இடம்பெறவில்லை என்பது புரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

அறிக்கைகளில் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். பயணிகள் விமானத்தில் ஒரு கோளாறு விமானத்தையே வீழ்த்தும் என்றால் அது நூறு கோடி மணி நேரப் பறத்தலில் ஒரு முறைக்கு மேல் நிகழக் கூடாது என்பது தரநிலை. அந்த அளவுக்கு உறுதி வேண்டுமென்றால் ஒரே சென்சாரை நம்ப முடியாது. கோளாறின் விளைவு அதைவிடச் சிறியது என்று வகைப்படுத்திவிட்டால், விதியும் தளரும். எல்லாம் அந்த வகைப்படுத்தலில் இருக்கிறது. முதலில் எம்சிஏஎஸ் இரண்டு வகைச் சென்சார்கள் சேர்ந்து சொன்னால்தான் இயங்குவதாக இருந்தது, ஒரு தடவைக்கு 0.6 டிகிரி மட்டுமே நகர்த்தும். பின்னர் குறைந்த வேகத்திலும் அது தேவை என்று வந்தபோது 2.5 டிகிரியாக உயர்த்தினார்கள், விமானத்தின் முடுக்கத்தை அளக்கும் சென்சாரை விட்டுவிட்டார்கள், மிஞ்சியது காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்று அளக்கும் ஒற்றைச் சென்சார். விமானத்தில் அப்படி இரண்டு இருக்கின்றன, இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடச் சொல்லவில்லை.

ஒற்றைச் சென்சார் பொய் சொன்னால்? விமானி சில நொடிகளில் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்று எழுதிக்கொண்டார்கள். 2012-இலேயே போயிங்கின் சோதனை விமானி ஒருவருக்குச் சிமுலேட்டரில் 10 நொடிக்கு மேல் ஆனது, நிலைமை பேரழிவுதான் என்று அவரே கண்டார்.

லயன் ஏர் காக்பிட்டை நினைத்துப் பாருங்கள். பொருத்தியிருந்த இடது சென்சார் ஏற்கெனவே பயன்படுத்திப் பழுதுபார்த்தது, 21 டிகிரி தவறாகக் காட்டியது. தரையை விட்டு எழும்பியதுமே கேப்டனின் கைப்பிடி அதிரத் தொடங்கியது, வேகம் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று. மூக்கு தானாகக் கீழே போகிறது, கேப்டன் பெருவிரலால் பட்டனை அழுத்தி மேலே கொண்டுவருகிறார், ஐந்து நொடி கழித்து மறுபடியும் கீழே போகிறது. இருபது முறைக்கு மேல் இப்படி. துணை விமானி சரிபார்ப்புப் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கோளாறுக்கு அதில் பெயர் இல்லை. கேப்டன் விமானத்தை அவரிடம் கொடுத்தார், அவர் பட்டனை அழுத்திய நேரம் சற்றுக் குறைவு, விமானம் விழ அதுவே போதுமானதாக இருந்தது. முந்தைய இரவு இதே விமானத்தில் இதே கோளாறு வந்தபோது காக்பிட்டில் மூன்று பேர் இருந்தார்கள், வால் பலகையைத் திருகும் டிரிம் மோட்டாரின் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றியே ஜகார்த்தா வரை கொண்டுவந்தார்கள். அதைப் பழுதுப் பதிவேட்டில் முழுதாக எழுதி வைக்கவில்லை.

இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கும் வாசகம் இருக்கத்தான் செய்தது. அது வேலை செய்ய, கோணத்தைக் காட்டும் கூடுதல் காட்சியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் வாங்கவில்லை. 2017-லேயே போயிங் இதைக் கண்டுகொண்டது, பிறகு வரும் மென்பொருள் மேம்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

லயன் ஏர் விபத்துக்குப் பிறகு கூட்டாட்சி விமான நிர்வாகமே போட்ட கணக்கில், சரிசெய்யாமல் விட்டால் இந்த விமானங்களின் ஆயுளில் இன்னும் 15 விபத்து வரை நடக்கலாம் என்று வந்தது. அந்தக் கணக்கு கையில் இருக்க, விமானம் பறந்துகொண்டிருந்தது. ஐந்து மாதம் கூட ஆகவில்லை, எத்தியோப்பியா.

பிறகு என்ன மாற்றினார்கள் என்று பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கும், ஒரு நிகழ்வுக்கு ஒரு முறை மட்டுமே இயங்கும், விமானி இழுத்தால் வெல்ல முடியாத அளவுக்குப் போகாது. முதல் நாளே செய்திருக்கக் கூடியவை. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமானது. விமானங்கள் இருபது மாதம் தரையில் நின்றதில் போயிங்குக்கு ஆன செலவு 2,000 கோடி டாலரை எட்டியது. பாதுகாப்புக்கு இதைவிடச் சிறந்த வணிக வாதம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் முடிவெடுக்கும் நாளில் அந்த 2,000 கோடி எந்தத் தாளிலும் இருக்காது, 10 லட்சம் மட்டும்தான் இருக்கும்.

மெல்ல மெல்லத் தேய்வது

எல்லாச் சிக்கனமும் வடிவமைப்பு மேசையில் ஒரே நாளில் நடப்பதில்லை. 2000 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியா கடலோரம் விழுந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261-ஐ எடுங்கள், எம்டி-83 ரகம், 88 பேர். வாலில் கிடைமட்டப் பலகையை மேலும் கீழும் நகர்த்துவது ஒரு நீண்ட எஃகுத் திருகு, அது வெண்கல நட்டுக்குள் சுற்றும். கிரீஸ் இல்லாமல் நட்டின் மரைகள் முழுக்கத் தேய்ந்து, திருகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

கிரீஸ் போடும் இடைவெளியைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1987-இல் 500 மணி நேரத்துக்கு ஒரு முறை. பிறகு 1,000, பிறகு 1,200, பிறகு 1,600. 1996-இல் மணிக்கணக்கையே விட்டுவிட்டு எட்டு மாதத்துக்கு ஒரு முறை என்றாக்கினார்கள், அந்த நிறுவனம் பறந்த வேகத்தில் அது சுமார் 2,550 மணி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது இப்படித்தான். ஒவ்வொரு நீட்டிப்பும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, போன தடவை நீட்டியதில் ஒன்றும் ஆகவில்லையே.

இதில் வடிவமைப்பின் பங்கு எங்கே என்று கேட்டால், அந்த நட்டில் இரண்டு தனித்தனி மரை வரிசைகள் இருந்தன, ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும் என்ற கணக்கு. தாளில் பார்த்தால் இரட்டைப் பாதுகாப்பு. ஆனால் இரண்டும் ஒரே நட்டில், ஒரே உலோகத்தில், ஒரே கிரீஸை நம்பி இருப்பவை, தேய்ந்தால் சேர்ந்தே தேயும். அறிக்கையில் "மாற்று ஏற்பாடு இருந்தது" என்று வந்தால், இரண்டையும் ஒரே காரணம் கெடுக்குமா என்று கேட்டுப் பழகுங்கள். மெக்கானிக்கின் கிரீஸ் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் உண்மையான பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

1979 மே 25 அன்று சிகாகோவில் நடந்த அமெரிக்கன் 191 விபத்தையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம், 273 பேர். இன்ஜினையும் அதைத் தாங்கும் தூணையும் தனித்தனியே கழற்றாமல் ஒன்றாகவே சேர்த்து ஃபோர்க்லிஃப்ட் வைத்து இறக்கினால் விமானத்துக்குச் சுமார் 200 மணி நேர உழைப்பு மிச்சம். அந்த வேலையில் தூணின் பின்பக்கம் விரிசல் விட்டது, புறப்படும்போது இன்ஜின் பிய்த்துக்கொண்டு போனது. செய்திகள் அதோடு நின்றுவிட்டன. 1.6-க்குப் போனால்தான் மற்றது தெரியும்: இன்ஜின் போகும்போது ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனதால் இடது இறக்கையின் முன்விளிம்புப் பலகைகள் உள்ளே போய்விட்டன, அவற்றைப் பிடித்து வைக்க இயந்திரப் பூட்டு கிடையாது. இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று கைப்பிடியை உலுக்கி எச்சரிக்கும் கருவி கேப்டன் பக்கம் மட்டும், அதற்கு மின்சாரம் வந்ததோ விழுந்துபோன அந்த இன்ஜினிலிருந்து. துணை விமானி பக்கமும் ஒன்று வைத்துக்கொள்ளலாம், விருப்பப்பட்டால். விமானிகள் கையேட்டில் சொல்லியபடி வேகத்தைக் குறைத்தார்கள், அந்த வேகத்தில் இடது இறக்கை தாங்கவில்லை. 31 நொடிப் பயணம்.

உயிருக்கு விலை போடும் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஒழுங்குமுறை அமைப்பு ஒரு விதி கொண்டுவர வேண்டுமென்றால் அதன் செலவையும் அதனால் தப்பும் உயிர்களின் பண மதிப்பையும் தராசில் வைக்கும். 1996 மே மாதம் வேல்யூஜெட் 592 சரக்கு அறைத் தீயில் 110 பேர் இறந்தார்கள். அந்த வகை அறையில் புகை உணர் கருவி வேண்டும் என்று 1988-லேயே பரிந்துரை வந்து, செலவு கட்டுபடியாகாது என்று தள்ளப்பட்டிருந்தது. அதே 1996 ஜூலையில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 800-ஆம் விமானத்தில் 230 பேர். நடு எரிபொருள் தொட்டிக்கு நேர் கீழே ஏசி இயந்திரங்கள், அவற்றின் சூட்டில் காலித் தொட்டியில் ஆவி நிறைந்து வெடித்தது. தொட்டிக்குள் நைட்ரஜன் செலுத்தும் ஏற்பாட்டை விலை அதிகம் என்று தொழில்துறைக் குழுக்கள் ஒதுக்கின, மலிவாகச் செய்ய வழி கண்டுபிடித்த பிறகுதான் 2008-இல் விதி வந்தது. அறிக்கையின் கடைசியில் பரிந்துரைகள் இருக்கும் அல்லவா, "இதே பரிந்துரை முன்பு இந்த ஆண்டு செய்யப்பட்டது" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், மறுத்த கடிதத்தையும் தேடுங்கள்.

அளவுக்கு மீறித் தேடினால்

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எல்லாமே கஞ்சத்தனமாகத் தெரியும், அதுவும் ஆபத்து. நான்கு இன்ஜினுக்குப் பதில் இரண்டு இன்ஜினோடு கடலைக் கடப்பதும் சிக்கனம்தான். 1980-களின் நடுவில் அதை அனுமதித்தபோது சும்மா அனுமதிக்கவில்லை: சரக்கு அறைத் தீயை அதிக நேரம் அடக்கி வைக்கும் வசதி, கூடுதல் மின்சார ஏற்பாடு, இரண்டு இன்ஜினையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது என்பது போன்ற பராமரிப்பு விதிகள், இன்ஜினின் நம்பகத்தன்மைக்கு ஆதாரம் எல்லாம் கேட்டு வாங்கினார்கள். மிச்சம் பிடித்த இடத்தில் ஏதாவது திருப்பிக் கொடுத்தார்களா என்று பார்த்தால் நல்ல சிக்கனமும் கெட்ட சிக்கனமும் பிரிந்துவிடும். துளையும் அட்டையும் கொடுத்தால் அது கண்துடைப்பு.

ஆதாரம் இல்லாமல் "காசுக்காகத்தான்" என்று எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தம், குறிப்பு, இடைவெளி நீட்டிப்பின் தேதி, வாங்காமல் விட்ட விருப்பக் கருவி, இதில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அடுத்து, காசு செலவழித்திருந்தால் இந்த விமானம் தப்பியிருக்குமா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள், சில சமயம் இல்லை என்றே பதில் வரும், அப்போது அந்த அறிக்கையை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

முதல் முறை படிப்பவர்களுக்கு அலாஸ்கா 261 அறிக்கையைச் சொல்வேன், ஒரே திருகு, ஒரே நட்டு, படமும் தெளிவாக இருக்கும். அடுத்து லயன் ஏர், இந்தோனேசிய அமைப்பு 2019 அக்டோபரில் வெளியிட்டது, கடினம்தான், ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் எந்தப் பாகத்தை எடுத்தார்கள் அல்லது வைக்காமல் விட்டார்கள், வலது பக்கம் அந்த வேலையை யாரிடம் விட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். வலது பக்கம் வெறுமையாக இருக்கும் வரியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், 1.18-இல் அதைப் பற்றி ஏதாவது இருக்கும்.